கலத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில் கையால் செய்த தேநீர்க் கோப்பை ஒன்றுக்கு 900 ரூபாய் விலை சொன்னார்கள். விளிம்பு சற்றுக் கோணலாக இருந்தது; பூச்சும் ஒரு பக்கம் தடித்து வழிந்திருந்தது. இது குறையா, கலையா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கோணலாக இருப்பதனாலேயே ஒரு கலம் கலைப்பொருளாகிவிடாது, கோணலாக இருப்பதனாலேயே குறைபட்டதாகவும் ஆகாது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கோப்பையைக் கையில் எடுங்கள். கண் எதிர்பார்த்த எடையும் கை உணரும் எடையும் ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் சோதனை. திரிகை என்னும் குயவர் சக்கரத்தில் தேர்ந்த கை மண்ணை அடியிலிருந்து விளிம்பு வரை சீராக இழுத்து ஏற்றியிருக்கும். தேராத கையில் மண் அடியிலேயே தங்கிவிடுவதால், கோப்பை தோற்றத்தைவிடக் கனமாக இருக்கும். பிறகு, உதடு படும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கடைசியில் கவிழ்த்துப் பாருங்கள். கலம் தரையில் ஊன்றி நிற்கும், பூச்சுப் படாத அடி வளையத்தில்தான் மண்ணின் இயல்பான நிறமும், செதுக்கிய கருவியின் தடமும், பெரும்பாலும் செய்தவருடைய முத்திரையும் இருக்கும். நான் ஒரு கலத்தை மதிப்பிடுவது முதலில் அதன் அடியைப் பார்த்துத்தான்.

நீங்கள் கண்ட வழிசலும் கவனிக்கத்தக்கது. ஸ்டோன்வேர் எனப்படும், கல்போல் இறுகச் சுட்ட கலங்கள் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுடப்படுகின்றன. அந்த வெப்பத்தில் கிளேஸ் எனப்படும் பூச்சு கண்ணாடியாக உருகிக் கீழ்நோக்கி இறங்கும். அது அடி வளையத்தைத் தாண்டினால் கலம் சூளைத்தட்டோடு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். ஆகவே, வளையத்துக்குச் சற்று மேலே திரண்டு நின்றுவிட்ட ஒரு துளி, எந்தப் பூச்சு எவ்வளவு தடிமனில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அறிந்த ஒருவரின் அனுபவத்தைக் காட்டுகிறது. நிறமும் பூச்சின் கலவையைப் பொறுத்தது மட்டுமன்று. சிறிதளவு இரும்பு கலந்த ஒரே பூச்சு, காற்று தாராளமாகப் புகும் சூளையில் தேன் நிறமாகவும், காற்றைக் குறைத்துப் புகையவிட்ட சூளையில் இளம்பச்சையாகவும் வெளிவரும். உலரும்போது விரிசல் விட்டவையும் இருமுறை சுடும்போது உடைந்தவையும் போக எஞ்சி வந்த கோப்பையைத்தான் நீங்கள் கடையில் பார்த்தீர்கள். அந்த இழப்பும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறது.

கேள்வி: இத்தகைய கலைஞர்கள் புதுச்சேரியில் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணம் என்ன? – வாசகர், விழுப்புரம்

பதில்: ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இரு அமெரிக்கக் கலைஞர்கள் 1971இல் அங்கே தொடங்கிய ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’ என்னும் மட்பாண்டப் பட்டறை முதன்மையான காரணம். டெபோரா ஜப்பானில் மட்பாண்டக்கலை பயின்றவர். அன்றாடம் புழங்கும் கலங்களின் உற்பத்தியை அவர் கவனித்துக்கொள்ள, மீக்கர் மாணவர்களுக்குக் கற்பித்தார். பேருருவச் சிற்பங்களையும் படைத்தார். பச்சை மண் செங்கற்களால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுடும் முயற்சியில் அவர் பல ஆண்டுகள் ஈடுபட்டார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து அங்கு வந்து பயின்றவர்கள் இன்று பெயர்பெற்ற கலைஞர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இணையாக நான் மதிப்பது, அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்று, பிறகு சொந்தமாகச் சூளை வைத்த உள்ளூர்த் தமிழர்களை. கண்காட்சிக் கையேடுகளில் அவர்கள் பெயர் இடம்பெறுவது அரிது என்பதால், கலம் வாங்கும்போது செய்தவர் யார் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் சுடுமண் குதிரைகள் மழையில் கரைந்து உதிர்கின்றன. அவற்றைக் கலையென்று போற்றுவோர் ஏன் பாதுகாப்பதில்லை? – வாசகர், புதுக்கோட்டை

பதில்: அந்தக் குதிரைகள் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊரார் ஒரு பிடி மண்ணைப் ‘பிடிமண்’ என்று எடுத்துக் கொடுக்க, மட்பாண்டம் செய்யும் வேளார் அதைப் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார். புரவி எடுப்பு என்னும் திருவிழா நாளில் ஊரே அவற்றைச் சுமந்து சென்று கோயிலில் நிறுத்துகிறது. அதோடு வேண்டுதல் நிறைவேறிவிட்டது. பிறகு அவை மண்ணுக்குத் திரும்புவதும் மரபின் ஒரு பகுதியே. பல ஊர்களில் குதிரையைச் செய்யும் வேளாரே ஐயனாருக்குப் பூசை செய்பவராகவும் இருக்கிறார் என்பதால், அங்கே கலையையும் வழிபாட்டையும் பிரித்துப் பார்க்க இயலாது.

கலைத்திறனைக் காண விரும்பினால், புதிய குதிரை உருவாகும் நாட்களில் வேளார் வீட்டுக்குச் செல்லுங்கள். மண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, உள்ளீடற்ற கால்களின் மேல் உடலைச் சிறிது சிறிதாகத் தட்டி எழுப்புவார்கள். கீழே உள்ள மண் சற்று இறுகிய பிறகே மேலே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் குதிரை சரிந்துவிடும், பிந்தினால் மண் ஒட்டாது. பதம் பார்த்து மண்ணேற்றும் அந்தத் திறமை எந்த ஸ்டோன்வேர் கலைஞரின் திறமைக்கும் குறைந்ததன்று. புதுச்சேரி வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, இதே திறமையுடைய பெயர் தெரியாத பலரை எண்ணியதால் வந்தது.

கேள்வி: வாங்கிய கலத்தைப் புழங்கலாமா, கண்ணாடி அலமாரியில்தான் வைக்க வேண்டுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: புழங்குவதற்காகச் செய்த கலமென்றால் தயங்காமல் புழங்குங்கள். பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் தேநீர்க் கறை அவற்றில் இறங்கும்; அதனால் கழுவியபின் நன்றாக உலர விடுங்கள். குறைந்த வெப்பத்தில் சுட்டு, பளிச்சென்ற நிறம் பூசிய அலங்காரக் கலங்களில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே, உணவுக்கு ஏற்றதென்று செய்தவரே உறுதி சொல்லாதவரை, அவற்றில் ஊறுகாயோ புளி சேர்ந்த எதுவுமோ வைக்க வேண்டாம்.