மஞ்சள் பால் மூளையைக் காப்பாற்றுமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. மெத் (மெத்தம்பெட்டமைன்) என்ற போதைப்பொருள் எடுக்கிறான் என்று போன மாதம்தான் தெரிந்தது. மஞ்சளில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மூளை பாதிப்பைத் தடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அம்மா தினமும் ராத்திரி மிளகு தட்டிப்போட்டு மஞ்சள் பால் தருகிறார். கண்டித்தால், "அதான் பால் குடிக்கிறேனே" என்கிறான். உண்மையிலேயே பலன் உண்டா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: உங்கள் தம்பி சொல்லும் அந்தச் சமாதானம்தான் என்னைப் பயமுறுத்துகிறது, சகோதரி.

அம்மா படித்தது பொய்யில்லை. மெத் உள்ளே போனதும், நரம்பு செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகளில் பத்திரமாக இருக்கும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் கொட்டிப்போய், ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து நரம்பு முனைகளையே அரிக்கிறது, உடம்புச் சூடும் ஏறி அதை இன்னும் மோசமாக்குகிறது. மஞ்சளின் குர்க்குமின் இதைக் கொஞ்சம் தடுத்தது எலிகளில். மனிதர்களில் அப்படி நிரூபணமாகவில்லை.

பால் குடித்த டம்ளரின் அடியைப் பாருங்கள், மஞ்சளாக வண்டல் ஒட்டியிருக்கும். குர்க்குமின் தண்ணீரில் கரையாது, ரத்தத்தில் சேர்வதும் சொற்பம். மிளகு உதவும்தான், 1998-ல் வெளியான பெங்களூரு ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரின் அதை 20 மடங்கு கூட்டியது. ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்க்குமின். அரை ஸ்பூன் மஞ்சள்தூளில் 50 மில்லிகிராம் தேறினாலே பெரிது. அதற்காக கேப்சூல் தேடிப் போகாதீர்கள், இதே மாதிரி ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விற்கும் கிரீன் டீ சாறு மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலையே கெடுத்திருக்கின்றன.

நிறுத்தினால் மூளை மீள்கிறது, இதற்கு மனிதர்களிலேயே ஆதாரம் இருக்கிறது. 2001-ல் அமெரிக்க ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு, மெத்தை விட்டு 12 முதல் 17 மாதம் ஆனவர்களை ஸ்கேன் செய்தபோது, குறைந்திருந்த டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர்கள் (டோபமைனை நரம்பு செல்லுக்குள் திரும்ப எடுக்கும் புரதங்கள்) மறுபடி கூடியிருந்தன. பார்த்தது ஐந்தே பேரைத்தான், நினைவாற்றல் அந்த அளவுக்குத் திரும்பவுமில்லை. ஆனாலும் எந்தப் பாலும் தராத நம்பிக்கை அது.

அம்மா பால் கொடுக்கட்டும், அந்தப் பாசம் அவனுக்குத் தேவை. மருந்து என்று மட்டும் சொல்ல வேண்டாம். 14446-ஐ அழையுங்கள், கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண். மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். அப்புறம், நிறுத்திய முதல் சில வாரங்கள் தூக்கமும் கடும் சோர்வும் வரும், சிலருக்குச் சாகத் தோன்றும். அந்த நாட்களில் அவனைத் தனியாக விடாதீர்கள்.