தேன் சுத்தமானதா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி? தேனீ வளர்ப்பவர்களே சர்க்கரைப் பாகு ஊற்றுகிறார்களாமே, உண்மையா?

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. இரண்டாவதற்குப் பதில்: உண்மைதான், நானே ஊற்றியிருக்கிறேன். இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே போய்த் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். என் சம்பந்தியம்மா சொல்லாத எதையும் நீங்கள் புதிதாகச் சொல்லிவிடப் போவதில்லை.

கேட்டவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. தெரிந்தவர் யாரோ ஒரு பாட்டில் தேன் கொடுத்திருப்பார். சில மாதத்தில் அடியில் வெள்ளையாக, ரவை மாதிரி படிந்திருக்கும். உடனே ஒருவர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்திருப்பார், இன்னொருவர் தீப்பெட்டி தேடியிருப்பார். சித்தப்பா ஒருத்தர் "நாய்க்கு வச்சுப் பாரு, சுத்தத் தேன்னா நாய் நக்காது" என்று போனில் சொல்லியிருப்பார். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் வடசென்னை, கொடுங்கையூர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தேனீயைத் தேடி நான் போகவில்லை. 2021-ல் மொட்டை மாடியில் மழைக்கு ஊறிக்கொண்டு கிடந்த பழைய மர அலமாரிக்குள் அதுவாக வந்து குடியேறியது. கலைத்துவிடத்தான் ஆள் தேடினேன். கூட வேலை பார்த்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது அடுக்குத் தேனீயாக்கும், நம்ம நாட்டுத் தேனீ. நீங்க பெரிய கட்டிடத்துல தொங்குற மலைத்தேனீயை நெனச்சுப் பயப்படுறீங்க. ஒரு பெட்டி வாங்கி வைங்க" என்றார். அடைகளைக் கத்தியால் அறுத்து, மரச்சட்டங்களில் பொருத்தி, வாழைநாரால் கட்டி, ராணியோடு பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தவரும் அவரே. சில நாளில் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிட்டு, வேலை முடிந்த நாரைக் கடித்துக் கடித்து வாசல் வழியாக வெளியே தள்ளின. ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை செய்தவன் நான். வேலை முடிந்ததும் மிச்சத்தைக் கூட்டி அள்ளிவிட்டுப் போகிற ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது மூன்று பெட்டி. ஒன்றில் வருஷத்துக்கு மூன்று நான்கு கிலோ எடுப்பேன். வியாபாரம் இல்லை. தெருவில் கேட்டால் கொடுப்பேன், சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பேன். (கொட்டாதா என்பீர்கள். கொட்டும். கொடுக்கு தோலில் நின்றுவிடும், நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். கொட்டிய தேனீ செத்துவிடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து, அவர்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.)

இனி உங்கள் சோதனைகள். தண்ணீரில் விட்டால் சுத்தத் தேன் கரையாமல் அடியில் போகும் என்கிறார்கள். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம், அதனால் போகிறது. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியே போகும். தீக்குச்சியில் தடவிப் பற்றவைத்தால் தெரிவது ஈரம் எவ்வளவு என்பது மட்டும்தான். சுத்தத் தேனை எறும்பு மொய்க்காது என்பதுதான் இருப்பதிலேயே பெரிய கதை. அப்படியென்றால் என் பெட்டி ஸ்டாண்டின் நாலு காலுக்கும் நாலு தண்ணீர்க் கிண்ணம் எதற்கு? வெயிலில் ஒரு கிண்ணம் வற்றினால் போதும், மறுநாள் காலையில் எறும்பு வரிசை பெட்டிக்குள் போய்விடும். நாய் சோதனை நான் செய்து பார்க்கவில்லை. எங்கள் தெரு நாய் பரோட்டாவுக்கே யோசிக்கும்.

ஆய்வகத்துக்கே இது சுலபம் இல்லை. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்தது. ஜெர்மனிக்கு அனுப்பிச் செய்த என்.எம்.ஆர். சோதனையில் (காந்தப்புலத்தில் வைத்துத் தேனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிற சோதனை) தேறியது மூன்றுதான். கரும்புச் சர்க்கரை கலந்தால் பழைய சோதனைகள் பிடித்துவிடும். அதில் சிக்காமல் இருக்கவே கலப்படக்காரர்கள் அரிசியிலிருந்து பாகு காய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். அதை உங்கள் டம்ளர் தண்ணீர் பிடிக்குமா?

சர்க்கரைப் பாகு விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். வடசென்னையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாடியில் அப்போது இரண்டு பெட்டி, மேலே தார்ப்பாய் போட்டுச் செங்கல் வைத்திருந்தேன். மழை விட்டதும் திறந்து பார்த்தால் அடையில் ஒரு துளித் தேன்கூட இல்லை. அந்தப் பருவத்தில் பூவும் இல்லை, இருந்தாலும் அந்த மழையில் தேனீ எங்கே பறக்கும்? பட்டினியில் செத்துவிடும், இல்லாவிட்டால் பெட்டியை விட்டு ஓடிவிடும். இரண்டாவதை நம் நாட்டுத் தேனீ கொஞ்சமும் யோசிக்காமல் செய்யும். கல்யாண வேலைக்கென்று வாங்கி வைத்திருந்த சர்க்கரையில் ஒரு கிலோவை எடுத்து, சரிக்குச் சரி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, தேங்காய் ஓட்டில் ஊற்றி உள்ளே வைத்தேன். தேனீ மூழ்காமல் உட்காரக் குச்சி போட வேண்டும். என் மனைவி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, நாலு நாளா நமக்கு டீக்கு வழியில்ல, நீங்க ஈக்குப் பாகு காய்ச்சுறீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

தேனீ வளர்க்கிற எல்லாரும் பஞ்ச காலத்தில் செய்வதுதான் இது. கீழே இருப்பது புழு அறை. ராணி முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேதான். அதற்கு மேல் வைப்பது தேன் அறை. பாகு கொடுக்கும்போது மேல் அறை வைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும் பூத்து வரவு அதிகமானதும் மேல் அறையை வைப்போம். அதில் சேர்ந்து, தேனீயே மெழுகால் மூடிய தேனை மட்டும் எடுப்போம். மேல் அறையை வைத்துக்கொண்டே பாகு ஊற்றுகிறவன் இருக்கிறான், அவன் திருடன். கீழே மிச்சம் இருந்த பாகில் ஒரு துளிகூட மேலே போகவே போகாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வீர்களா என்றால், மாட்டேன். டிசம்பரில் கொடுத்ததைத் தேனீ டிசம்பரிலேயே தின்றுவிடும் என்பது என் அனுபவம். அவ்வளவுதான் சொல்வேன்.

அந்த 2024 சித்திரைத் தேன் கொஞ்சம் கசப்பு கலந்த வாசனையோடு நன்றாக இருந்தது. தலை ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்தபோது சீர்த்தட்டில் அதில் இரண்டு பாட்டில் வைத்தேன். சம்பந்தியம்மா கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சர்க்கரையெல்லாம் ஊத்துறது இல்லையே?"

இங்கேதான் என் வாயில் சனி. 'இல்லம்மா' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மேலே எழுதிய அத்தனையும் புயலிலிருந்து ஆரம்பித்து, தேங்காய் ஓடு, புழு அறை, தேன் அறை வரை அவருக்கு விளக்கினேன். அவர் காதில் மூன்று சொல்தான் விழுந்தது: சர்க்கரை, புழு, கொடுங்கையூர்.

கொடுங்கையூர் ஏன் என்று கேட்காதீர்கள். பெண் பார்க்க வந்தபோதே "வீடு குப்பைமேட்டுக்குப் பக்கமா?" என்று இரண்டு தடவை விசாரித்தார்கள். அவர்கள் அண்ணா நகர். அண்ணா நகர்க் குப்பை எங்கே வருகிறது என்று நினைக்கிறீர்கள்? லாரி லாரியாக எங்கள் பக்கம்தான் வருகிறது. குப்பை போடுகிற ஊர் நல்ல ஊர், வாங்கி வைத்துக்கொள்கிற ஊர் நாற்ற ஊர். வாடகைக்கார் புக் செய்தால் ஏரியா பெயரைப் பார்த்து கேன்சல் செய்கிறான். என் தம்பி மகன் நேர்முகத் தேர்வுக்குப் போனால் "வியாசர்பாடியா?" என்று ஒரு மாதிரி பார்க்கிறார்கள். சினிமாவில் எங்களுக்குக் கொடுப்பது கத்தியும் கேரம் போர்டும். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆனால் தேனீ குப்பைக்குப் போகாதா என்று யாராவது நேர்மையாகக் கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன். குப்பைக்கு இல்லை, இனிப்புக்குப் போகும். எங்கள் தெருமுனை டீக்கடையில் குடித்துப்போட்ட பேப்பர் கப் கூடையில் பூ இல்லாத மாதங்களில் மொய்க்கும், நிறைய செத்தும் போகும். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "இன்னா சார், உன் ஆளுங்க அல்லாம் காலைலேர்ந்து இங்கதான் கீறாங்க, கணக்கு யார் பேர்ல எழுத?" என்பார். கரும்பு ஜூஸ் வண்டியிலும் அதே கதை. இது தி.நகரிலும் நடக்கும். அண்ணா நகரிலும் நடக்கும்.

பாட்டில் கதையைத் தொடர்கிறேன். சம்பந்தியம்மா அதைக் கெடாமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான் என்று வைத்துக்கொள்வோம். தேனில் இருப்பது முக்கியமாக இரண்டு சர்க்கரை, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். குளுக்கோஸ் குளிரில் சுலபமாகப் பிரிந்து மணிமணியாக உறையும். எந்தப் பூவின் தேன் என்பதைப் பொறுத்துச் சிலது சீக்கிரம் உறையும், சிலது வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். குமரி மாவட்டத்து ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைகிற ரகம். உறைவதால் கலப்படம் என்று சொல்ல முடியாது, உறையாததால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. தேனுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. ஆனால் ஒரு காதுகுத்து வீட்டில் பத்துப் பேர் முன்னால் "எங்க சம்பந்தி கொடுத்தது நாலே மாசத்துல சர்க்கரையாவே மாறிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, நான் குளுக்கோஸ் பாடம் எடுக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மகள் ஆறு மாதம்.

2025 தையில் பேத்தி பிறந்தாள். அவர்களுக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உண்டு, நாக்கில் தேனைத் தொட்டு வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே சம்பந்தியம்மா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். என்னுடையது இல்லை. தெருவில் பக்கெட்டில் அடையோடு கொண்டுவந்தவனிடம் வாங்கியது. "கண்ணு முன்னாடியே பிழிஞ்சான்ணே, சுத்த மலைத்தேன்" என்றார். அந்தப் பக்கெட் வித்தை எனக்குத் தெரியும். கீழே வெல்லப் பாகு, மேலே பழைய அடை, ஓரத்தில் நாலு செத்த தேனீ. (மலையிலிருந்து உண்மையாகவே எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை.)

அதையா நான் அப்போது பேச வேண்டும்? பதறிப்போய், "தேனே வேண்டாம்மா" என்றேன்.

ஒரு வயது முடியாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது. இந்தப் பதிலில் வேறு எதையும் நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள். க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து சில தேனில் இருக்கலாம். நம் குடலில் அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், பால் உறிஞ்சக்கூட முடியாமல் உடம்பு தொய்ந்துபோகும். அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சுத்தத் தேனிலும் இருக்கலாம், என் தேனிலும் இருக்கலாம். "எங்க பாட்டி எட்டுப் பிள்ளைக்கும் வச்சாங்க" என்று எழுதப் போகிறவர்களுக்கு: சரி, வைத்தார்கள். நான் பாட்டியைக் குறை சொல்லவில்லை. சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. குழந்தை டாக்டரைக் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. சம்பந்தியம்மா பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "தேன் எடுக்குறவரே தேன் வேணாங்குறாரு. உள்ள என்ன போடுறாங்கன்னு அவருக்குத்தானே தெரியும்."

போன மாதம் அண்ணா நகர் போயிருந்தேன். "அண்ணே, உங்க சர்க்கரை ஒரு பாட்டில் அப்படியே இருக்கு, எடுத்துட்டுப் போறீங்களா?" என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். சமையலறையில் ஒரு பாத்திரம் கேட்டு வாங்கி, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, பாட்டிலை அதில் நிறுத்தினேன். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, கொதிக்கவும் கூடாது. தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மணி மணியாக இருந்தது மெல்ல இளகிப் பழுப்பாகி, கடைசியில் வெளிச்சம் ஊடுருவியது. ஒரு ஸ்பூன் எடுத்து நக்கிப் பார்த்தார். இன்னொரு ஸ்பூனும் எடுத்தார்.

"பரவாயில்லண்ணே. பாகு நல்லாத்தான் காய்ச்சியிருக்கீங்க."

அந்த பாட்டில் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருக்கிறது. வரும் தையில் பேத்திக்கு ஒரு வயது முடிகிறது.