யூடியூப் பார்த்துப் பழகுகிறீர்களா? பணம் போடும் முன் சில பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. பொழுதுபோக்காக ஒன்றைப் பழக எந்தச் சேனலைப் பார்க்கலாம், அதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பதுதான் அது. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்பதை வைத்து நான் சேனல் சொல்வதில்லை. வேலையை முழுசாகக் காட்ட வேண்டும், நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் கைக்காசுக்கும் ஒத்துவர வேண்டும். எனக்கு அதுதான் கணக்கு.

கேள்வி: அண்ணாச்சி, வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மாடித்தோட்டம் போடும் ஆசையில் சேனல் சேனலாகப் பார்க்கிறேன். ஒருவர் பை வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் டிரம் வாங்கச் சொல்கிறார், மூன்றாமவர் தானே விற்கும் முழு செட்டை வாங்கச் சொல்கிறார். நம்பிப் பார்க்க ஒரு சேனல் சொல்லுங்கள்.

பதில்: தமிழில் தொடங்குவதற்கு ‘தோட்டம் சிவா’ சேனலைச் சொல்வேன். கோயம்புத்தூரில் தோட்டம் வைத்திருப்பவர். விதை போடுவதிலிருந்து காய் பறிப்பது வரை நிதானமாகக் காட்டுகிறார், சரியாக வராததையும் சொல்கிறார். காய்த்துக் குலுங்கும் நாளை மட்டும் காட்டும் வீடியோவில் நமக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இலை சுருண்டால் என்ன செய்தார், பூ கொட்டினால் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டும்.

ஆனால் அவர் ஊர் வேறு, உங்கள் ஊர் வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தானே அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று எல்லாச் சேனலிலும் சொல்வார்கள். அதைக் கேட்டு மொட்டை மாடியில் பந்தல் கட்டிப் பீர்க்கும் புடலையும் ஏற்றினால் உங்கள் ஊரில் கொடி கிழிந்துபோகும். அந்த மாதங்களில் கைப்பிடிச் சுவரின் மறைவில் கீரை, மிளகாய், கத்தரி என்று குட்டையாக நிற்பவற்றை வையுங்கள். பந்தல் வேலையைப் புரட்டாசியில், காற்று அடங்கிய பிறகு தொடங்கலாம். நமக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான், அதற்குள் பைகளின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது செலவு. மண்ணையும் எருவையும் கூரியரில் வரவழைக்காதீர்கள். பாதிப் பணம் எடைக்கே போய்விடும். செம்மண்ணும் மக்கிய சாணமும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். தென்னை இவ்வளவு இருக்கும் பகுதியில் தென்னைநார்க் கழிவுக்கும் பஞ்சமில்லை. அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகே மண்ணோடு கலக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விடும் வீடியோக்கள் நிறைய. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (கிட்) கொடுத்து வந்திருக்கிறது. பையும் விதையும் அதிலேயே இருக்கும். வட்டார தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது கையிருப்பு உண்டா என்று கேட்ட பிறகு கடைக்குப் போங்கள். ஐந்தாறு பை போதும். ஒரு பருவம் போகட்டும், அப்புறம் டிரம்மைப் பற்றி யோசிக்கலாம். இன்னொன்று, நனைந்த மண் ஒரு கன அடிக்கு ஐம்பது கிலோவை நெருங்கும். உங்களுடையது மரக்கட்டை போட்ட பழைய மச்சு வீடாக இருந்தால் கொத்தனாரிடம் காட்டாமல் எதையும் மேலே ஏற்ற வேண்டாம்.

வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க்கை அழுத்தி வாங்கினால் பெரும்பாலும் அந்தச் சேனலுக்குக் கமிஷன் போகும். அது தப்பில்லை, அவரும் உழைத்துத்தான் வீடியோ போடுகிறார். அதே பொருளை உங்கள் ஊர் நர்சரியிலும் உரக்கடையிலும் விலை விசாரித்துவிட்டு அழுத்துங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நாங்குநேரி. பறவைப் படம் எடுக்கும் சேனல்களைப் பார்த்துவிட்டு அறுபதாயிரம் ரூபாய் கேமரா கேட்கிறான். ஆர்வத்தைக் கெடுக்கவும் மனமில்லை, அவ்வளவு பணமும் இல்லை.

பதில்: கெடுக்கவே கெடுக்காதீர்கள். கூந்தன்குளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பறவை பார்க்காமல் ஒரு பிள்ளை வளர்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்வார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அங்கே இறங்கும். மார்கழி முதல் மாசி வரை வாரம் ஒருமுறை கூட்டிப் போங்கள்.

இந்த வயதில் கேமராவைவிட அவனுக்கு ஒரு பைனாகுலர்தான் வேண்டும். 8×42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். ‘100 மடங்கு ஜூம்’ என்று விளம்பரத்தில் வருவதை வாங்காதீர்கள். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் கூடும், பறவை கண்ணில் நிற்காது. நல்ல 8×42 கேமரா விலையில் சிறு பங்குதான் ஆகும், பல வருஷம் உழைக்கும். வாங்கும் முன் கண்ணில் வைத்து, கடைத்தெருவில் தூரத்து போர்டு ஒன்றைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். கண் வலித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பார்க்கச் சேனல் என்றால், அமெரிக்காவின் கார்னெல் பறவை ஆய்வகம் நடத்தும் நேரலைக் கூட்டுக் கேமராக்கள் மிக அருமை. முட்டை பொரிவதையும் தாய் இரை கொண்டுவருவதையும் மணிக்கணக்கில் வெட்டாமல் காட்டுகிறார்கள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. அதே ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி இலவசம். நம் நாட்டுப் பறவைகளுக்கும் வேலை செய்யும், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அப்புறம், மணிமுத்தாற்றில் இயங்கும், ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரி மாதத்தில் நடக்கும், தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தெரிந்தவர்களோடு ஒரு குளக்கரையில் ஒரு நாள் நின்றால் அவன் நூறு வீடியோவில் பார்க்காததைப் பார்ப்பான்.

கேள்வி: சங்கரன்கோவிலில் இருக்கிறேன். ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் ரவிக்கையில் போடும் எம்பிராய்டரி, பழக ஆசை. ஒரு சேனல்காரர் 6,500 ரூபாய் கட்டினால் ஸ்டாண்ட், ஊசி, நூல் எல்லாம் அனுப்பி, வாட்ஸ்அப்பில் வகுப்பும் எடுத்து, சான்றிதழும் தருவாராம். சேரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. முதலில் அவருடைய இலவச வீடியோக்களில் இதைக் கவனியுங்கள்: துணிக்குக் கீழே இருக்கும் கையைக் காட்டுகிறாரா? ஆரியில் நூல் கீழ்க் கையில் இருக்கும். ஊசி மேலிருந்து இறங்கி, கொக்கியில் நூலை வாங்கிக்கொண்டு ஏறும். ஊசிக்கு நூலைச் சுற்றிக் கொடுப்பது கீழ்க் கைதான், புதிதாகப் பழகுகிறவர்கள் திணறுவதும் அங்கேதான். மேலே மினுங்கும் பூவை மட்டும் காட்டுகிற வீடியோவைப் பார்த்து யாரும் ஆரி கற்க முடியாது. இரண்டு கையையும் காட்டி, சங்கிலித் தையலையே பொறுமையாகப் பல தடவை போட்டுக் காட்டுகிற சேனல் கிடைத்தால் அதுவே உங்களுக்குப் போதுமான வகுப்பு. வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

சாமான் என்று பார்த்தால் ஒரு வளையம், ஒரு ஊசி, கொஞ்சம் நூல், பழைய காட்டன் துணி. தையல் சாமான் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். சங்கிலித் தையல் ஒரே சீராக விழும்போது ஸ்டாண்ட் வாங்குங்கள். தனியார் கொடுக்கும் சான்றிதழை வைத்து யாரும் ரவிக்கை கொடுக்க மாட்டார்கள், நீங்கள் தைத்த துணியைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் உண்டு. தையல், எம்பிராய்டரி போன்றவற்றை இலவசமாகவே சொல்லித்தருகிறார்கள். அடுத்த வகுப்பு எப்போது என்று அங்கே விசாரியுங்கள்.

யாரிடமாவது பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு முழு வகுப்பைப் பார்க்கக் கேளுங்கள். பாதியில் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பதிலும் எழுத்துத்தான், அழித்துவிடாதீர்கள். சொன்னபடி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

கேள்வி: நெல்லைச் சமையல் கற்க நல்ல சேனல் எது? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். பாளையங்கோட்டை.

பதில்: ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ எனக்கும் பிடிக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். ஆனால் அது பார்த்து மகிழ்வதற்கு. அண்டாவில் போடும் அளவை நாலு பேர் குடும்பத்துக்குச் சுருக்குவது எளிதில்லை. செஃப் தீனாவின் சேனலில் அவர் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்ச் சமையல்காரரையே செய்யவைத்துக் கேள்வி கேட்கிறார். ஏன் இப்போது போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் என்று நாம் கேட்க நினைப்பதை அவர் கேட்டுவிடுகிறார். அதைப் பாருங்கள்.

நம் ஊர்ப் பலகாரத்தைக் காட்டும் வீடியோவை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். அல்வா என்றால் சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்துக் காட்ட வேண்டும். சோளமாவைக் கரைத்துப் பத்து நிமிஷத்தில் இறக்கினால் அது வேறு இனிப்பு. சொதி என்றால் தேங்காய்ப்பாலை முதல், இரண்டாம், மூன்றாம் பால் என்று பிரித்து எடுக்க வேண்டும். காய் கடைசிப் பாலில் வேகும், முதல் பாலை இறக்கும் நேரத்தில் ஊற்றிக் கொதிக்க விடக் கூடாது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். உங்கள் அத்தையிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், எந்தச் சேனலையும்விட அவர் நன்றாகச் சொல்வார்.

கேள்வி: மேலப்பாளையம். எட்டாம் வகுப்பு மகளுக்கு அறிவியல் சேனல்?

பதில்: தமிழில் ‘மிஸ்டர் ஜிகே’, ‘எல்எம்இஎஸ்’ இரண்டும் நன்று. பாடத்துக்கு 2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கம் இருக்கிறது, எல்லாம் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் கூட்டிப் போங்கள். 1987-இலிருந்து இருக்கிறது. தொட்டு இயக்கிப் பார்க்க அங்கே நிறைய உண்டு.

கேள்வி: போன் விமர்சனச் சேனல்களை எவ்வளவு நம்பலாம்? எல்லோரும் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அம்பாசமுத்திரம்.

பதில்: பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும், கீழே குறிப்பில் ஒளித்துவைத்தால் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு. பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் இது பொருந்தும். போன் வெளிவந்த அன்றே வரும் வீடியோவை விடுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் பயன்படுத்திவிட்டுப் பேசுகிற வீடியோவைத் தேடுங்கள். பேட்டரி எப்படி, சூடாகிறதா, சர்வீஸ் சென்டர் எங்கே என்பதெல்லாம் அதில்தான் வரும். திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டர் இல்லாத கம்பெனி போன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: விளம்பரத் தொல்லைக்காக யூடியூப் பிரீமியம் போடலாமா? திசையன்விளை.

பதில்: 2024 ஆகஸ்டில் உயர்த்திய விலைப்படி ஒருவருக்கு மாதம் 149 ரூபாய், குடும்பத்துக்கு 299. தினமும் இரண்டு மணி நேரம் பார்க்கிற வீடு என்றால் குடும்பத் திட்டம் லாபம், வாரக் கடைசியில் மட்டும் பார்ப்பவருக்கு வேண்டாம். இலவச மாதம் என்று சேரும்போதே யுபிஐ ஆட்டோபே ஒப்புதலும் வாங்கிவிடுவார்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. யூடியூபில் ரத்து செய்துவிட்டு, உங்கள் யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியையும் பாருங்கள். டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்றால் தரத்தை 480-இல் வையுங்கள். மணிக்குச் சுமார் அரை ஜிபிதான் போகும். சமையலுக்கும் பாட்டுக்கும் அது தாராளம்.

கேள்வி: சேனல்களுக்கு லைக் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று டெலிகிராமில் வந்தது. முதல் நாள் 150 ரூபாய் வந்துவிட்டது. இப்போது 5,000 கட்டினால் பெரிய வேலை தருவார்களாம். தென்காசி.

பதில்: கட்டாதீர்கள். நாடு முழுக்க நடக்கும் மோசடி இது. அந்த 150 ரூபாய் உங்களை நம்பவைக்கப் போட்டது. 5,000 கட்டியதும் கணக்கில் லாபம் ஏறியதாகக் காட்டுவார்கள், அதை எடுக்க இன்னும் கட்டச் சொல்வார்கள். குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி விவரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க அதுதான் வழி.