45,000 கி.மீ. ஓடிய ஸ்ப்ளெண்டருக்கு ‘ஆஃப் எஞ்சின்’ வேலை (எஞ்சினின் மேல்பாதியைப் பிரித்து பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங் முதலியவற்றை மாற்றுவது) பார்க்கணும் என்கிறார் மெக்கானிக். உண்மையில் எஞ்சின் பாகங்களை எப்போது மாற்ற வேண்டும்?

கி.மீ.யை மட்டும் காட்டி எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் மூன்றுக்கும்தான் கி.மீ. கணக்கு, அது வண்டியோடு வந்த மேனுவலிலேயே இருக்கிறது. ரிங், வால்வு, கிளட்ச் பிளேட், டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் செயின்) எல்லாம் பார்த்து, அளந்து மாற்ற வேண்டியவை. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி 45,000-ல் ரிங் கேட்காது. ஏர் ஃபில்டர் கிழிந்தது தெரியாமல் செம்மண் ரோட்டில் ஓடிய வண்டி அதில் பாதியிலேயே கேட்கும். (ஆயில் பூசிய காகித ஃபில்டர் என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.)

முதலில் புகை. ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலப் புகை வந்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் வந்தால், அது பெரும்பாலும் வால்வு சீல். சின்ன ரப்பர், சின்ன விலை. அதற்காக பிளாக் (சிலிண்டர்), பிஸ்டனை மாற்றுவது வீண். கறுப்புப் புகைக்கும் ரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. பெட்ரோல் அதிகம் போகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஆயில் எவ்வளவு குறைகிறது என்பது. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா உள்ளே விட்டு அளவு பாருங்கள். 1,000 கி.மீ. கழித்து அதே அளவுக்குக் கொண்டுவர எத்தனை மி.லி. ஊற்ற வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே கசிவு இல்லாமல் 100 மி.லி.க்குள் என்றால் நான் எஞ்சினைத் தொடமாட்டேன். 300-ஐத் தாண்டினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தே ஆக வேண்டும்.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக்கர் அடியுங்கள். பிளக் ஒயரைப் பாடியில் எர்த் செய்துவிடுங்கள். பிறகு அதே ஓட்டையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. விட்ட ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆஃப் எஞ்சினுக்கு எஸ்டிமேட் போடுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆனால் கம்ப்ரஷன் குறைவு என்றதும் ஹெட்டைக் கழற்றவும் வேண்டாம். டேப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) டைட்டாக இருந்தாலே அப்படிக் காட்டும். பலரும் ‘டிக் டிக்’ சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத டேப்பெட்டுக்கு. வால்வு சீட்டில் தேய்ந்து உட்கார உட்கார இடைவெளி குறைந்துகொண்டே போகும். எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல், சூட்டை சீட்டுக்குக் கடத்த முடியாமல், ஓரம் எரிந்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பார்க்க வேண்டும். ஃப்ளைவீலில் உள்ள ‘டி’ குறியைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா பாருங்கள். ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று. பழைய ஸ்ப்ளெண்டர்களில் இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ.; உங்கள் மாடலுக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிளாக்கைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், ‘ரிங் மட்டும் போதும்’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். போர் மேலே அகன்று முட்டை வடிவமாகியிருந்தால் புது ரிங் உட்காராது, மூன்றே மாதத்தில் புகை திரும்பும். போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், 0.25 மி.மீ.யில் தொடங்கிப் படிப்படியாகக் கிடைக்கும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதன் அளவுக்கு லேத்தில் போர் போடச் சொல்ல வேண்டும். பிஸ்டன் பின் சர்க்கிளிப் எப்போதும் புதிது. ரிங் வாய்கள் (ரிங்கில் உள்ள வெட்டுகள்) ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. அப்படியே கான்ராடை (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம். மேலும் கீழும் துளி அசைந்தாலும் பேரிங் போய்விட்டது, அது கிராங்க்வரை பிரிக்கும் ஃபுல் எஞ்சின் வேலை.

இடப்பக்கத்திலிருந்து கரகர சத்தம் வந்தால் டைமிங் செயின். செயினை மட்டும் மாற்றாமல் ரப்பர் ரோலர்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மேடேறும்போது எஞ்சின் அலறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் வாங்கும் முன் கேபிள் தளர்வு (லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ.) சரியா என்று பாருங்கள். பிறகு ஆயில் டப்பாவைப் பாருங்கள். ‘ஜாசோ எம்ஏ’ (ஆயிலில் நனைந்து இயங்கும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஆயில் தரக்குறி) என்று இல்லாமல், கார் ஆயிலோ ஸ்கூட்டருக்கான ‘எம்பி’ ஆயிலோ ஊற்றியிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.