தம், பீடி, இருமல்: நெஞ்சுநோய் டாக்டரிடம் கேட்டவை

நெஞ்சுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நுரையீரல், புகை பற்றி எதுவும் கேட்கலாம். முடி உதிர்வதற்கு நான் ஆளில்லை.

பெரம்பூர்: டாக்டர், சாயங்கால டீயோட ஒரே ஒரு தம். அதுகூடவா தப்பு?

அதுகூடத்தான். தினம் 20 பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுமோ, அதில் கிட்டத்தட்ட பாதி ஒன்று பிடிப்பவருக்கே கூடிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு என்று வகுத்துப் பார்க்காதீர்கள். ரத்தக்குழாய்க்கு வகுத்தல் தெரியாது.

வியாசர்பாடி: அப்பாவுக்கு 58 வயசு, பீடி. ஒரு மாசமா இருமல், இளைச்சிட்டார். 'பீடி இருமல்தான்'னு ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறார். கேன்சரா இருக்குமோ சார்?

இங்கிருந்து எதையும் இல்லையென்று சொல்ல முடியாதும்மா. ஆனால் நம் ஊரில் கேன்சருக்குப் பயப்படுகிறவர்கள் டிபியை மறந்துவிடுகிறார்கள். சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் பழக்கங்களை விசாரித்து, 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. புகைக்காதவரைவிடப் புகைத்தவர் டிபியில் இறப்பது நான்கு மடங்குக்கும் மேல். மூச்சுக்குழாயில் அழுக்கைப் பெருக்கித் தள்ள நுண்ணிய மயிரிழைகள் உண்டு. புகை அவற்றை முடக்குகிறது, கிருமியை விழுங்கும் அணுக்களையும் சோர வைக்கிறது. உள்ளே பல வருஷம் தூங்கிய டிபி கிருமி எழுந்துகொள்கிறது. கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சளிப் பரிசோதனை இலவசம், டிபி என்றால் மாத்திரையும் இலவசம். எக்ஸ்ரேவும் எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியைக் கொடுங்கள்.

தி.நகர்: நான் லைட்ஸ் சிகரெட் மட்டும்தான், அதுல தார் கம்மியாமே.

பஞ்சைச் சுற்றிப் பொடி ஓட்டைகள் இருக்கும், பாருங்கள். மெஷினில் அளக்கும்போது அதன் வழியே காற்று கலந்து தார், அதாவது புகையிலுள்ள கரிய பிசின், குறைவாகக் காட்டும். உங்கள் விரலும் உதடும் அந்த ஓட்டையை மூடும். போதாததற்கு இன்னும் ஆழமாக இழுப்பீர்கள்.

கே.கே.நகர்: பீடி இயற்கை இலை சார். சிகரெட் மாதிரி கெமிக்கல் பேப்பர் இல்ல.

இலை இயற்கைதான், அரளியும் இயற்கைதான். பீடி இலையில் காற்று எளிதில் புகாது. விட்டால் அணைந்துவிடும் என்று அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகமாகத்தான் உள்ளே போகும்.

கே.கே.நகர்: ஏழை பொழைப்புல கை வைக்கிறீங்க. பீடி சுத்துற பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?

நியாயமான கேள்விதான், ஆனால் வேறு கேள்வி. அவர்களுக்கு வேறு வேலை வேண்டும் என்று நானும் கொடி பிடிக்கிறேன். புகையிலைத் தூளை நாள் முழுக்க மூச்சில் இழுப்பது அவர்கள்தான்.

வேளச்சேரி: கே.கே.நகர்க்காரர் சொல்றது சரி! எங்க தாத்தா சுருட்டு பிடிச்சே 90 வரை இருந்தார்.

வந்துவிட்டாரா தாத்தா! அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பிடித்து ஐம்பதில் போனவர்களின் பேரன்கள் இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் டாக்டர்களையே 1951 முதல் 50 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். விடாமல் புகைத்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷ ஆயுள் போயிற்று. ஐம்பதில் விட்டவர்கள் ஆறு வருஷத்தை மீட்டார்கள். சுருட்டுப் பேச்சு இத்துடன் போதும்.

அம்பத்தூர்: தம்மை நிறுத்த நிக்கோட்டின் சூயிங்கம் மென்னேன், வேலைக்கே ஆகல.

டீயோடு மென்றீர்களா? டீ, காபி, கூல்டிரிங்க்ஸ் குடித்துக் கால்மணி நேரம் தொடாதீர்கள், வாயில் நிக்கோட்டின் ஏறாது. பபுள்கம் மாதிரி மெல்லவும் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும்.

தாம்பரம்: சொல்ல வெக்கமா இருக்கு. தம் இல்லன்னா காலைல வயிறு இறங்க மாட்டேங்குது.

வெட்கம் எதற்கு, பாதிப் பேருக்கு இதுதான் சாக்கு. நிக்கோட்டின் குடலைத் தூண்டும். விட்டதும் சில வாரம் அடம்பிடிக்கும், பிறகு பழகிக்கொள்ளும். கீரை, வாழைத்தண்டு, தண்ணீர்.

போரூர்: வாரத்துக்கு ரெண்டு மட்டும்னா?

பெரம்பூர் பதில்.

அண்ணா நகர்: வேப், அதான் இ-சிகரெட், பரவாயில்லையா?

2019-லிருந்து நாட்டில் விற்கவே தடை. புகைப்பதை நிறுத்த உதவி வேண்டுமென்றால் 1800-11-2356-க்குக் கூப்பிடுங்கள், இலவசம்.

மடிப்பாக்கம்: எப்பவாவது பார்ட்டில ஒண்ணு...

பெரம்பூர், பெரம்பூர்.

வியாசர்பாடி: சார், அப்பா ஒத்துக்கிட்டார். எப்போ போகணும்?

நாளைக் காலையே. எழுந்ததும் ஆழமாக இருமி எடுக்கும் சளிதான் வேண்டும், எச்சில் வேண்டாம். ரிசல்ட் வரும்வரை வீட்டில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவருக்கு மாஸ்க் போட்டுவிடுங்கள்.