சேலத்தில் இருந்துகொண்டு பழைய காலிபர் ஒற்றைத் தோட்டா ரைபிள் வாங்கலாமா? எதை எடுப்பது?

லீவரைத் தள்ளி ஒரே ஒரு தோட்டா போடுகிற அந்தக் காலத்து வேட்டை ரைபிள் வேண்டும், லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது, காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்) .500, .303, .315 மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஏற்காட்டுக்காரன். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் கதையைச் சொன்னாலே பாதி பதில் வந்துவிடும்.

தாத்தா ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஐம்பதுகளில் சீமைக்குக் கப்பலேறிய துரை தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனது அந்த ரைபிள். .500 பிளாக் பவுடர் எக்ஸ்பிரஸ், அதாவது கரிமருந்துத் தோட்டா போடுவது. தோட்டாவின் பித்தளைக் கூடு மட்டும் 3 அங்குலம், பருமன் என் கட்டைவிரல் அளவு. தாத்தாவுக்குப் பிறகு பெரியப்பா பெயருக்கு லைசன்ஸ் மாறியபோது மிச்சம் இருந்தது ஆறு தோட்டா. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது ஒன்றே ஒன்றைச் சுட்டுக் காட்டினார், பாறையோர மண்மேட்டைக் குறிவைத்து. சத்தத்தைவிடப் புகைதான் ஞாபகம் இருக்கிறது. வெள்ளையாக எழுந்த புகையில் மேடே காணவில்லை. குறி பட்டதா என்று பார்க்கப் புகை கலையும்வரை நிற்க வேண்டியிருந்தது. வேட்டைக்காரர்கள் இந்தப் புகையைத் தாண்டி எப்படித்தான் இரண்டாவது குண்டு போட்டார்களோ.

அன்று சாயங்காலம் பெரியப்பா வெந்நீர் கொதிக்க வைத்து, காபி உலர்த்தும் களத்தில் நின்று புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றினார். “துப்பாக்கிக்குக் கஷாயம் குடுக்கறாரு உங்க பெரியப்பா” என்று பெரியம்மா சிரித்தார். ஆனால் அது சரியான வைத்தியம். கரிமருந்தின் கசடும், பழைய தோட்டாக்களின் அடியில் தீ மூட்டும் பிரைமர் விட்டுச் செல்லும் உப்பும் தண்ணீரில்தான் கரையும்; எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் தடவி வைத்தால் அடியில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஏற்காட்டு மூடுபனிக்குக் கேட்கவே வேண்டாம். வெந்நீர் என்றால் கழுவியதும் குழல் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். அதன் பிறகுதான் எண்ணெய்.

மிச்சம் ஐந்து தோட்டாவும் பச்சை பூத்துக் கிடக்கின்றன. அந்த அளவில் புதிய தோட்டா இந்தியாவில் யாரும் செய்வதில்லை. ஆக, அருமையான ரைபிள், சாப்பாடு இல்லை. இதற்காகத்தான் சொல்கிறேன்: துப்பாக்கியைப் பிறகு பாருங்கள், முதலில் தோட்டாவைப் பாருங்கள்.

நம் நாட்டில் காலிபரை வேட்டைக்காரன் தேர்ந்தெடுத்த காலம் என்று ஒன்று பெரிதாக இருந்ததில்லை, சர்க்கார்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. மார்ட்டினி-ஹென்றி 1871இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த துப்பாக்கி, அதன் தோட்டா .577/450, அதாவது .577 கூட்டின் வாயைக் குறுக்கி .450 குண்டு பொருத்தியது. பட்டாளத்திலிருந்து வெளியே கசிந்த அந்தத் துப்பாக்கிகளுக்குக் குண்டு கிடைத்துவிடக் கூடாது என்று 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவையே தனியாருக்குத் தடுத்தார்கள். யானை, காட்டெருமை சுடும் பெரிய ரைபிள்களுக்கு அதுவரை அதுதான் நடப்பு அளவு. கம்பெனிகள் உடனே .470, .465 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளி அளவு கண்டுபிடித்தன. இன்று பெரிய துரைமார் காலிபர் என்று பேசப்படுவதில் பாதி, தடையைத் தாண்டப் பிறந்தவை. .303க்கும் இதே கதை. ராணுவத் தோட்டா என்பதால் தனியார் கைக்கு வராது, உங்கள் பட்டியலிலிருந்து அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் .315. அதன் தோட்டா ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா.

.315 தோட்டா ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் செய்கிறார்கள், கடையில் கிடைக்கும். ஆனால் உங்கள் ஆசைக்கு அது ஒத்து வராது. இங்கே நடமாடும் .315 எல்லாம் பெரும்பாலும் இஷாப்பூர் ரைபிள். லீ-என்ஃபீல்டு வம்சத்து போல்ட் ஆக்ஷன் (கைப்பிடியைத் திருப்பி இழுப்பது), பல தோட்டா நிற்கும் மேகசின் வைத்தது. உழைக்கும் துப்பாக்கிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழே லீவரைத் தள்ளியதும் குழலின் பின்வாயை அடைக்கும் பிளாக் ‘டொக்’கென்று இறங்கிக் காலிக் கூட்டை வெளியே தள்ளும் அந்தச் சுகம் இதில் கிடையாது.

அந்தச் சுகமும் வேண்டும், தோட்டாவும் வேண்டும் என்றால் என் கணக்கில் இரண்டு வழி. ஒன்று, பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேயக் கம்பெனி செய்த .22 மார்ட்டினி; மார்ட்டினி-ஹென்றியின் அதே லீவர் அமைப்பு. குறிபார்த்துச் சுடப் பழகுவதற்கென்றே செய்தது. எடை கூடுதல், தோளில் உதைக்காது, தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. இன்னொன்று, கிரீனர் ஜி.பி. இதுவும் மார்ட்டினி ஆக்ஷன்தான், ஆனால் ரவைத் தோட்டா போடுகிற பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல். ரைபிள் இல்லையே என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். கையில் எடுத்தால் தாத்தா காலம் அப்படியே இருக்கும், பன்னிரண்டு போர் தோட்டாவுக்கு அலையவும் வேண்டாம். நானாக இருந்தால் .22க்குத்தான் போவேன். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான் வைக்கலாம். இருக்கிற இரண்டு இடத்தில் ஒன்றை அலமாரிக்கு நேர்ந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

வேட்டை என்ற வார்த்தையை மட்டும் மறந்துவிடுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. சேர்வராயன் மலையில் இப்போது காபிச் செடிக்கு நடுவே காட்டெருமை நின்று நம்மையே முறைக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் பெரியப்பாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு வேறு கணக்கு. அத்தை மகன் மெல்பர்னில் இருக்கிறான். நம் பக்கத்துக் கடமானை 1860களில் விக்டோரியாவில் கொண்டுபோய் விட்டார்கள், அது காடெல்லாம் பெருகி, இன்று அங்கே சட்டப்படி வேட்டையாடுகிறார்கள். எந்தப் பழைய காலிபர் என்று கேட்டான். யோசிக்காமல் .45-70 என்றேன். 1873இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது, இன்னும் பல கம்பெனிகள் தோட்டா செய்கின்றன. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னேன்: பெட்டியைப் படிக்காமல் போடாதே மாப்ள. ஒரே பெயரில் மென்மையான தோட்டாவும் இருக்கிறது, முரட்டுத் தோட்டாவும் இருக்கிறது. மேலே கதவுபோல் திறக்கும் அந்தக் காலத்து டிராப்டோர் துப்பாக்கியில் முரட்டுத் தோட்டாவைப் போட்டால் பிரீச், அதாவது குழலின் பின்வாய், தாங்காது. ரூகர் நம்பர் 1 மாதிரி புதிதாகச் செய்த ஃபாலிங் பிளாக் (பிளாக் நேராகக் கீழே இறங்குவது) என்றால் அந்தப் பயம் குறைவு. 1872இல் ஸ்காட்லாந்தின் ஃபார்க்கர்சன் காப்புரிமை வாங்கிய அமைப்பைப் பார்த்துச் செய்ததுதான் அது.

சரி, பழையது ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளாக்கை இறக்கிவிட்டு, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பாருங்கள். அப்புறம் பிரீச்சில் கட்டைவிரல் நகத்தை வெளிச்சம் படும்படி வைத்து, குழல் வாய் வழியாகப் பாருங்கள். நகத்தின் வெளிச்சத்தில் உள்சுற்று வரிகள் தெளிவாகத் தெரியும். மார்ட்டினி என்றால் வாய்ப்பக்கத்துக் கடைசி ஒரு அங்குலத்தை இன்னும் கவனியுங்கள். அதன் பின்பக்கம் மூடியிருப்பதால் துடைக்கும் கம்பியை வாய் வழியாகத்தான் விட முடியும், அறுபது எழுபது வருஷம் விட்டு விட்டு அந்த இடத்தில் வரி தேய்ந்திருக்கும். மற்ற இடம் பளபளவென்று இருந்தாலும் வாய் தேய்ந்த ரைபிள் குண்டை நேராக விடாது. பிறகு குழலின் அடியில் முத்திரை. பர்மிங்காம் துப்பாக்கி என்றால் கிரீடத்துக்குக் கீழே ‘என்.பி.’ என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். நைட்ரோ மருந்தில், அதாவது இன்றைய புகையில்லா மருந்தில், சோதித்தது என்று அர்த்தம். வெறும் கரிமருந்து முத்திரை மட்டும் இருந்தால் இன்றைய தோட்டா அதற்கு ஆகாது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

ஒன்று விட்டுப்போயிற்று. எலக்‌ஷன் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பெரியப்பா ஒரு தடவை அவசரத்தில் எண்ணெய் போடாமல் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து வாங்கி வந்தபோது பிளாக் இறங்கவில்லை, துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் உள்ளேயும் வெளியேயும் கிரீஸ் பூசி, பழைய வேட்டியில் சுற்றி, ரசீதில் நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் கையை விடுகிறார்.