டெல் லேப்டாப்பில் கீபோர்டு விளக்கு தானாக அணைவது பற்றி

டைப் அடிப்பதை நிறுத்திய பத்து விநாடியில் கீபோர்டு விளக்கு அணைந்துவிடுகிறதா? பழுதெல்லாம் இல்லை, சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். அந்த நேரக்கணக்கை பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரையில், மாற்றலாம். லேப்டாப்பை அணைத்து ஆன் செய்து, டெல் லோகோ வந்ததும் எஃப் 2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ் திறக்கும். பழைய மாடல் என்றால் சிஸ்டம் கான்ஃபிகரேஷன், புதியது என்றால் கீபோர்டு என்ற பகுதிக்குப் போங்கள். அதில் ‘பேக்லைட் டைம்அவுட்’ (விளக்கு அணையும் நேரம்) இரண்டு இருக்கும்: சார்ஜரில் ஓடும்போது ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, வயரைப் பிடுங்கியதும் பழையபடி அணைகிறதே என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். சார்ஜருக்கு ‘நெவர்’ கூட வைக்கலாம். பேட்டரிக்கு ஒரு நிமிடமே தாராளம். அப்புறம் மறக்காமல் அப்ளை கொடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க எஃப் 5 அல்லது எஃப் 10, விளக்குப் படம் எதில் இருக்கிறதோ அது.